சாபுட்டும் சாப்பாடும்

வண்டியிலிருந்து புகை கிளம்பியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் சாப்பாட்டுப் பைதான். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பை டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேருக்குப் போதுமான நெத்திலிச் சம்பல். விடியும் முன்னே எழுந்து, வெங்காயத்தோடு மல்லுக்கட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்டியது. ஐயோ, அதில் கரி விழுந்துவிடுமே என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் பக்கத்தில் விமானம் நிற்பது உறைத்தது.

நான் ஜோகூரில் ஒரு விமான நிலையத்தில் வேலை பார்க்கிறேன். விமான நிலையம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாம், லிப்ஸ்டிக் போட்டுச் சிரித்துக்கொண்டே காப்பி கொடுக்கிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மூஞ்சியைப் பார்த்த பிறகும் அப்படி நினைக்கிறவர்களை என்ன சொல்ல! நான் நிற்பது வெளியே, சிமெண்டு கொதிக்கிற தளத்தில். விமானம் வந்து நின்று இன்ஜினை அணைத்ததும் அதன் விளக்குக்கும் மற்றதுக்கும் கரண்டு வேண்டும். அதைக் கொடுக்க ஒரு வண்டி இருக்கிறது. சக்கரம் வைத்த பெரிய இரும்புப் பெட்டி, உள்ளே டீசல் இன்ஜின். ஜிபியு என்போம். அதை டிராக்டரில் இழுத்துப்போய் விமானத்தின் மூக்குப் பக்கம் நிறுத்தி, மலைப்பாம்பு கனத்துக்கு இருக்கிற ஒயரை விமானத்தின் அடிவயிற்றில் செருகி, இன்ஜினைத் தட்டிவிட வேண்டும். புறப்படும் நேரத்தில் கரண்டை நிறுத்திவிட்டு ஒயரைப் பிடுங்க வேண்டும். என் பிழைப்பு இதுதான்.

பிடுங்குவதற்கு மலாயில் சாபுட். மலாய்க்காரர், சீனர், நாங்கள், தளத்தில் எல்லோரும் அந்த ஒரே சொல்லைத்தான் கத்துவோம். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓட்டம் பிடிப்பதும் சாபுட்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரத்தில் கம்பி நீட்டுகிறவனைப் பற்றி, "அவன் அப்பவே சாபுட் பண்ணிட்டான் லா" என்போம். எந்தச் சாபுட் என்பது சொல்கிற இடத்தையும் சொல்கிறவர் முகத்தையும் வைத்துப் புரியும். இத்தனை வருடத்தில் யாரும் குழம்பியதில்லை.

என் கூட்டாளி அந்தச் சொல்லில் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். மதிய விமானத்தின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மாட்டியதும் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்புவான்.

"அக்கா, சாபுட்டு ஆச்சு! சாப்பாடு எப்ப?"

ஒவ்வொரு நாளும் இதே. ஓர் எழுத்து மாறாது. "ஒனக்கு வேற ஜோக்கே கெடையாதாடா?" என்று நானும் ஒவ்வொரு நாளும் திட்டுவேன். திட்டாவிட்டால் அவன் முகம் வாடிவிடும்.

அவன் ரெங்கம் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்து வயது இளையவன். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் அவனைத் தம்பி என்பேன், கோபம் வந்தால் டேய் என்பேன். ஆகவே பெரும்பாலும் டேய்தான். மதிய விமானம் போனதும் பெட்டி ஏற்றுகிற வண்டிகள் நிற்கும் கூரைக்கடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவன் மனைவி கொடுத்தனுப்பிய கோழிப் பிரட்டலை அவன் திறப்பான், நான் என் டப்பாவைத் திறப்பேன். தன்னுடையதைத் தள்ளி வைத்துவிட்டு என்னுடையதில்தான் முதலில் கை வைப்பான். "உப்பு கம்மிக்கா" என்பான். அப்புறம் வழித்துத் துடைத்துக் காலி செய்வான்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் கொடுத்த பதில்கள் அச்சில் ஏற லாயக்கில்லாதவை. பண்டார் தெங்காராவில் அம்மா கண்ணை மூடிய பிறகு பெர்மாஸ் ஜெயாவில் நாலாவது மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்து வந்துவிட்டேன். அண்ணன் சிங்கப்பூரில். தீபாவளிக்குப் போன் வரும். மற்றபடி வீட்டில் என்னோடு பேசுவது வாஷிங் மெஷின் ஒன்றுதான். துவைத்து முடித்ததும் கூவும். "வந்துட்டேன், வந்துட்டேன், கத்தாத" என்று நானும் பதில் சொல்லியிருக்கிறேன். ராத்திரி தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. நான் வயிறாரச் சாப்பிட்டது அந்த மதியம் ஒரு வேளைதான், அதுவும் எதிரே அவன் உட்கார்ந்திருந்ததால். அவன் லீவு போடுகிற நாளில் பசியில்லை என்று சொல்லிக்கொண்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

தீப் பிடித்த அன்றும் மதிய விமானம்தான். பயணிகள் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் லாரி நிரப்பிவிட்டுப் போயிருந்தது. இறக்கை நிறைய எண்ணெய். தம்பி விமானத்தின் மூக்குக்கு அடியில், ஹெட்செட் மாட்டிக்கொண்டு விமானியோடு பேசியபடி நின்றான். ஒயர் செருகியிருந்த இடம் அவன் கைக்கு எட்டுகிற தூரம். நான் ஜிபியு பக்கத்தில் நின்றேன். அடுத்த விமானம் உடனே வர இருந்ததால் டிராக்டரை ஜிபியுவிலிருந்து கழற்றாமல் பூட்டியே வைத்திருந்தேன்.

முதலில் இன்ஜின் சத்தம் மாறியது. இருமுகிற மாதிரி. பிறகு பக்கவாட்டுத் தகட்டின் இடுக்கு வழியே கறுப்பாகப் புகை வந்தது. சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். இன்ஜின் நின்றது, கரண்டு நின்றது, விமானத்துக்குள் விளக்கெல்லாம் அணைந்தது. நெருப்பு மட்டும் நிற்கவில்லை. உள்ளே டீசல் குழாய் எங்கோ விட்டுப்போய்ச் சூட்டு இரும்பின் மேல் கொட்டியிருக்கிறது. அலமாக்! நான் ரேடியோவில் கத்துவதற்குள் தகடு சிவந்து, பெயிண்ட் கொப்பளிக்கத் தொடங்கிவிட்டது.

வேண்டியது ஒன்றுதான். எரிகிற வண்டியை விமானத்தை விட்டு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். டிராக்டரில் ஏறி மிதித்தால் போதும். ஆனால் ஒயர் விமானத்தில் செருகியிருக்கிறது. பிடுங்காமல் இழுத்தால் என்ன கிழியும் என்று எனக்கு நினைக்கவே பயமாக இருந்தது. அவனைப் பார்த்துக் கையை நீட்டித் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஒயர! ஒயர சாபுட்டு லா!"

அவன் என்னைப் பார்த்தான். நெருப்பைப் பார்த்தான். ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடினான்.

பதறினால் கை ஓடாது, கால் ஓடாது என்போம். அவனுக்குக் கால் மட்டும் பிரமாதமாக ஓடியது. அவ்வளவு வேகமாக அவன் ஒரு நாளும் வேலைக்கு வந்ததில்லை.

அப்போது வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அத்தனை பெரிய தளம், மேலே கண்ணைக் கூசும் வெயில், முன்னால் நெருப்பு; திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. நாலாவது மாடி வீட்டுக் கதவைத் திறந்ததும் மனசில் ஒன்று விழுமே, அதே உணர்வு. பட்டப்பகலில், வேலையிடத்தில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

தளத்தின் ஓரத்தில் சக்கரம் வைத்த பெரிய தீயணைப்பான் நிற்கும். அதை இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். ஒருவர் உருளையைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் குழாயை நீட்ட வேண்டும். நான் தனியாக அதைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அதைத் திட்டினேன், அவனைத் திட்டினேன், ஜிபியுவைச் செய்தவனைத் திட்டினேன். பின்னை இழுத்துத் திறந்துவிட்டுக் குழாயைத் தூக்க ஓடினேன். வெள்ளைப் பவுடர் பீய்ச்சிக்கொண்டு அடித்தது. முதலில் என் மேலேயே அடித்தது. பிறகு இடுக்குக்குள் அடித்தேன். தீ அடங்கியது, புகை அடங்கவில்லை. மேலே விமானி ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னவோ ஆங்கிலத்தில் கத்தினார். பின்பக்கப் படி வழியாகப் பயணிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஒயரைப் பிடித்தேன். என்றைக்கும் அவன் பிடுங்குகிற ஒயர். இரண்டு கையாலும் இழுத்தும் வரவில்லை, காலை உதைத்துக்கொண்டு இழுத்ததும் பிடுங்கிக்கொண்டு வந்து முழங்காலில் விழுந்தது. வலியைப் பார்க்க நேரமில்லை. டிராக்டரில் ஏறி மிதித்தேன். காலி இடத்துக்கு இழுத்துப்போய்க் கொக்கியைக் கழற்றிவிட்டு விலகியபோது வண்டி திரும்பவும் தீப் பிடித்துக்கொண்டது. அதற்குள் தீயணைக்கிற பொம்பா ஆட்கள் வண்டிகளில் வந்து நுரையால் மூடிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எல்லாம் அடங்கியபின் அவன் வந்தான். பொம்பா ஆட்களுக்குப் பின்னால், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"வாங்க சார், வாங்க! நடைப்பயிற்சி முடிஞ்சிச்சா?" என்றேன்.

அவன் தாடை ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. அந்தத் தாடையைப் பார்த்ததும் கேட்க மனம் வரவில்லை. கையிலிருந்த தண்ணீர் போத்தலைக் கொடுத்தேன். அதை வாங்கிக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான். சாப்பாட்டுப் பை முழுக்க வெள்ளைப் பவுடர். அன்றைக்கு நாங்கள் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் விசாரணை என்றார்கள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யாரோ போனில் எடுத்த வீடியோ அதற்குள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அதில் புகையும் என் முதுகும் தெரிந்தது, அவன் ஓடுவது நன்றாகத் தெரிந்தது. சத்தம் இல்லை. நெருப்பு வந்தால் பொறுப்பில் இருக்கிறவன் இடத்தை விட்டு ஓடக்கூடாது, ஓடினால் வேலை போகும். இது எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே போகுமுன் அவன் என்னிடம் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, உள்ளதச் சொல்லிருங்க. எனக்காக ஒண்ணும் யோசிக்காதீங்க. கால் தானா போயிருச்சு, என்னா செய்ய."

"போடா, எனக்குத் தெரியும்" என்றேன்.

மேனேஜர் மலாய்க்காரர், நல்ல மனிதர். பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அறையில் ஏர்கோன் எலும்பைத் துளைத்தது. நடந்ததை மலாயில் கேட்டார்கள், நான் மலாயில் சொன்னேன். புகை வந்தது, பொத்தானை அடித்தேன், கூட்டாளியைப் பார்த்துக் கத்தினேன்.

"என்ன கத்தினாய்?"

"சாபுட் என்று கத்தினேன்."

"சாபுட் மட்டுமா?"

"சாபுட் மட்டும்தான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜருக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். மலாய்க்காரருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன! பிடுங்கு என்று இவள் கத்தியிருக்கிறாள், ஓடு என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். பாதுகாப்பு அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம், இரண்டு அர்த்தம் உள்ள சொல்லை எப்படிக் கத்தலாம் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். விமானத்தைக் காப்பாற்றியவளுக்கு நல்ல வரவேற்பு! தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கிய நாள் அது ஒன்றுதான். ஒயர் என்ற சொல்லை நான் விழுங்கியது அங்கே யாருக்கும் தெரியாது.

பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். வேலை தப்பியது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குதூகலம். நாளைக்குச் சம்பலில் இன்னும் கொஞ்சம் உப்புப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் நிற்காமல் என்னைத் தாண்டிப் போனான்.

மறுநாள் மதிய விமானம் போனது. புது ஜிபியு. அவன் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மாட்டினான். நான் திட்டுவதற்குத் தயாராகக் காத்துக்கொண்டிருந்தேன். அவன் கையைத் தட்டவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்த் தன் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டான். சரி, வெட்கம், நாலு நாளில் சரியாகும் என்று விட்டேன். ஆகவில்லை. போதாக்குறைக்குத் தளத்தில் ஆட்கள் அவனுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். "டேய் சாபுட், இங்க வா!" "சாபுட் வந்தாச்சா?" மலாய்க்காரன், சீனன், நம்ம ஆள் என்று பேதமில்லாமல் எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் இரண்டு பேரை வெளுத்து வாங்கினேன். என் எதிரில் நிறுத்தினார்களே தவிர முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவனைக் காப்பாற்ற நான் கொடுத்த சொல்லே அவன் மேல் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச மாதத்தில் அவன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது என்று நின்றுவிட்டான். போகிற அன்று எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான், எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே.

அவன் இடத்தில் இப்போது ஒரு மலாய்ப் பெண் வேலை செய்கிறாள். நல்ல பெண், ஒயரை அவனைவிட ஒழுங்காகச் சுருட்டுவாள். சாப்பாட்டு நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு போனில் நாடகம் பார்ப்பாள். நான் சம்பலை நீட்டினால் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவாள். இப்போதெல்லாம் நான் சம்பல் கிண்டுவதில்லை. பிஸ்கட்டும் மைலோவும் போதும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெர்மாஸ் ஜெயா மார்க்கெட்டில் அவனைப் பார்த்தேன். சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் போய்வர வசதி என்று வீடு மாறி இந்தப் பக்கமே வந்துவிட்டார்களாம். மனைவி மீன் கடையில் நின்றிருந்தாள். அவன் பைகளோடு கீரைக் கடை ஓரமாக நின்றான். ஒளிந்துகொள்ளலாமா என்று அவன் பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன். நேரே போய் முன்னால் நின்றேன்.

"என்னாடா, இங்கயும் கம்பி நீட்டப் பாக்குறியா?"

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கீரைக் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீங்க ஒயரன்னு சொன்னீங்கக்கா. ரெண்டு வாட்டி. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"தெரியும்."

"உள்ளதச் சொல்லுங்கன்னு கேட்டேன்ல? பயந்தாங்கொள்ளின்னு அனுப்பியிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன். நீங்க அப்படிச் சொன்னதுக்கப்புறம், உள்ளாற அவங்க கேட்டப்ப, ஆமா ஓடுன்னுதான் நெனச்சேன்னு தலைய ஆட்டுனேன்கா. ரெண்டு புள்ளைங்கள நெனச்சு ஆட்டுனேன். அதுக்கப்புறம் ஒங்க முன்னாடி உக்காந்து எப்படிச் சாப்புட? தொண்டையில எறங்குமா? ஒங்களுக்கு எதுக்குக்கா அந்தப் பொய்யி?"

உன் பிள்ளைகளுக்காக என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் எனக்கும் பெருமையாக இருந்திருக்கும். அது உண்மை இல்லை. அந்தக் குளிர்ந்த அறையில் அவன் பிள்ளைகள் என் நினைப்பில் வரவே இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பின்ன? ஒன்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டா நான் யார்கூடடா சாப்புடுறது?"

சத்தமாகவே சொல்லிவிட்டேன். கீரை விற்கிற சீனத்தி திரும்பிப் பார்த்தாள். அவன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான், திரும்பவும் மாற்றினான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அதற்குள் அவன் மனைவி மீன் பையோடு வந்துவிட்டாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! எவ்வளோ நாளாச்சு! சாப்டீங்களா?"

வழியில் பார்க்கிற யாரும் யாரையும் கேட்பதுதான். இதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"ஆச்சும்மா, இப்பதான்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். காலையில் நான் ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதற்காக எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கிறான். வாயைத் திறந்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். பிறகு மூடிக்கொண்டு, ஆமாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். வெயில் ஏறுகிறது, மீன் கெட்டுவிடும் என்று மனைவி அவசரப்படுத்தினாள். அவர்கள் கார் இருக்கிற பக்கம் போனார்கள். நான் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் தாப்பாவ் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறினேன்.